உதவி: பெத்தாங்க் குண்டு காணோம், அவசரம்

முத்தியால்பேட்டை பையன் | ஞாயிறு, இரவு 9:52

சாயங்காலம் பெத்தாங்க் (சின்னப் பந்துக்குப் பக்கத்துல போய் நிக்கிற மாதிரி இரும்புக் குண்டை வீசுற பிரெஞ்சு ஆட்டம்) ஆடிட்டு வீட்டுக்கு வந்து பையைத் திறந்தா குண்டு ஒண்ணு குறையுது. உடனே திரும்பிப் போய் டார்ச் அடிச்சு நல்லாத் தேடிட்டேன். கிடைக்கல. ஜூலை 14 அன்னிக்கு ஆட்டம் இருக்கு. செட்டு எங்க தாத்தாவோடது, அவர் பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து வந்தப்போ கொண்டுவந்தது. இந்த மாதிரி தொலைஞ்சா எப்படிக் கண்டுபிடிக்கிறது? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

லாஸ்பேட்டை ராஜா | இரவு 10:03

எங்க ஆடினீங்க? தரை என்ன, சரளையா, செம்மண்ணா, கடற்கரை மணலா? இது தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாதே.

கடலூர் காந்தம் | இரவு 10:07

மண்ணுக்குள்ள போயிருக்கும். இது எனக்கு நிச்சயமாத் தெரியும். எடையான குண்டு, உயரத்துல இருந்து விழுந்தா மேல் மண்ணு மூடிக்கும். சில்வர் பீச்ல நாங்க ஆடினப்போ இப்படித்தான் ஆச்சு. பழைய ஸ்பீக்கர்ல இருந்து காந்தத்தைக் கழட்டி, கயித்துல கட்டி, தரையோட தரையா இழுத்துக்கிட்டே போங்க. முக்கா குண்டு புதைஞ்சிருந்தாலும் இழுத்துக் காட்டும்.

குயவர்பாளையம் அக்கா | இரவு 10:15

தம்பி, பதறாதே. முதல்ல இதுக்கெல்லாம் பதில் சொல்லு. செட்டுல மொத்தம் எத்தனை குண்டு? எவர்சில்வரா, துருப்பிடிக்கிற இரும்பா? எடை நம்பர் என்ன? பேர் ஏதாவது வெட்டியிருக்கா? எத்தனை பேர் ஆடினீங்க? கடைசியா யார் மைதானத்தை விட்டுக் கிளம்பினது?

நெல்லித்தோப்பு மணி | இரவு 10:18

காலையில முதல் வேலையா பக்கத்துல இருக்கிற பழைய இரும்புக் கடைக்குப் போங்க. வேற எங்கயும் அலைய வேண்டாம். ராத்திரி மைதானத்துல கிடக்கிற இரும்பு விடியறதுக்குள்ள தராசுக்குப் போயிடும். முக்கால் கிலோ இரும்புக்கு டீக்காசுதான் கிடைக்கும், ஆனா எடுக்கிறவனுக்கு அதோட மதிப்பு தெரியாதே. அங்க இல்லேன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டு. பழைய சாமான் பரப்பி வச்சிருக்கிற பக்கம் காலையிலேயே போய் நில்லுங்க.

நடுவர் ஐயா | இரவு 10:31

இதே கேள்வி ஒவ்வொரு ஆண்டும் ஜூலை வந்தால் இங்கே வருகிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. குண்டின் எடை என்ன, தயாரிப்பாளர் யார், தொடர் எண் என்ன என்று தெரியாதவர் எதைத் தேடப் போகிறார்? கையில் ஒரு குண்டு கிடைத்தாலும் அது தன்னுடையதுதான் என்று எப்படிச் சொல்வார்? போட்டிக் குண்டு என்றால் விட்டம் 70.5 முதல் 80 மில்லிமீட்டருக்குள், எடை 650 முதல் 800 கிராமுக்குள் இருக்கும். எடையும் தயாரிப்பாளர் முத்திரையும் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும் என்பது விதி. ஆட வருகிறவர் இந்த அடிப்படையையாவது தெரிந்துகொண்டு வர வேண்டும்.

குயவர்பாளையம் அக்கா | இரவு 10:36

ஐயா, பிள்ளை தாத்தா சாமானைத் தொலைச்சுட்டு நிக்குது. பாடம் அப்புறம் நடத்தலாம்.

முத்தியால்பேட்டை பையன் | இரவு 10:49

முத்தியால்பேட்டைல எங்க தெரு பின்னாடி காலி மனை. செம்மண்ணு, கெட்டித் தரை. மூணு குண்டு செட்டு, எவர்சில்வர். பேர் எதுவும் வெட்டல. ஆறு பேர் ஆடினோம், மூணுக்கு மூணு.

லாஸ்பேட்டை ராஜா | இரவு 10:55

அப்போ புதையறதுக்கு வாய்ப்பே இல்ல. கெட்டிச் செம்மண்ணுல குண்டு விழுந்தா சின்னப் பள்ளம் விழும், அவ்வளவுதான். காந்தம் வேலையை விடுங்க.

கடலூர் காந்தம் | இரவு 11:01

ஏன் விடணும்? புல்லு, செடி, குப்பை எல்லாம் இருக்குமே. இருட்டுல கண்ணு தப்பும், காந்தம் தப்பாது.

லாஸ்பேட்டை ராஜா | இரவு 11:04

எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாது. வீட்ல டம்ளர்ல வச்சுப் பாருங்க.

கடலூர் காந்தம் | இரவு 11:08

டம்ளரும் குண்டும் ஒண்ணா? குனிய முடியாத பெரியவங்க கயித்துல காந்தம் கட்டித்தானே குண்டை எடுக்கிறாங்க. எங்க செட்டு எவர்சில்வர்தான், நல்லா ஒட்டுது.

லாஸ்பேட்டை ராஜா | இரவு 11:10

உங்களது எவர்சில்வரே கிடையாது, மேல குரோம் பூசினது. பூச்சு போனதும் துரு தெரியும், பாருங்க.

சார்செல் புதுவைக்காரன் | இரவு 11:26

இங்க பாரிஸ் பக்கத்துல வாரா வாரம் ஆடுறவன் சொல்றேன், ரெண்டு பேர் சொல்றதும் பாதி சரி. துருப்பிடிக்காத எஃகுல பல வகை. நிக்கல் கூடுதலா இருக்கிற வகை பெரும்பாலும் ஒட்டாது, வெறும் குரோமியம் சேர்த்தது ஒட்டும். தம்பி குண்டு எந்த வகைன்னு இங்கிருந்து சொல்ல முடியாது. இதுக்குச் சண்டையே வேண்டாம். தம்பிகிட்ட மிச்சம் இருக்கிற குண்டுல ஒரு காந்தத்தை வச்சுப் பார்க்கட்டும். அது ஒட்டினா காணாமப் போனதும் ஒட்டும், ஒரே செட்டுதானே.

குயவர்பாளையம் அக்கா | இரவு 11:33

தம்பி, ஒரு விஷயம் எனக்கு உதைக்குது. மூணுக்கு மூணு ஆடினா ஆளுக்கு ரெண்டு குண்டுதான். மூணு குண்டு ஆளுக்குக் கொடுக்கிறது ஒத்தைக்கு ஒத்தை, ரெண்டுக்கு ரெண்டு ஆடும்போதுதான். நீ ரெண்டு குண்டு போட்டே. அப்போ உன்னோட மூணாவது குண்டு எங்க இருந்துச்சு? பையிலயா, இல்ல யார்கிட்டயாவது கொடுத்தியா?

முத்தியால்பேட்டை பையன் | இரவு 11:41

ஆமாக்கா. ஒரு அண்ணன் குண்டு எடுத்துட்டு வரல. அவருக்கு என்னோடது ஒண்ணு, இன்னொருத்தரோடது ஒண்ணு கொடுத்து ஆட வச்சோம். ஆனா முடிஞ்சதும் அவர் திருப்பிக் கொடுத்துட்டாரே. நான்தான் வாங்கிப் பையில போட்டேன்.

குயவர்பாளையம் அக்கா | இரவு 11:44

அங்கதான் விஷயம் இருக்கு. இப்போ பையில இருக்கிற ரெண்டு குண்டையும் எடு. ஈரத்துணியால மண்ணைத் துடைச்சுட்டு, வெளிச்சத்துல வச்சு, மேல இருக்கிற நம்பரை எல்லாம் அப்படியே இங்க எழுது. எடை மட்டும் போதாது, சின்னச் சின்ன எழுத்து, எண் எல்லாம் வேணும். ஒரே செட்டா இருந்தா எல்லாக் குண்டுலயும் ஒரே எடை, ஒரே தொடர் எண் இருக்கணும்.

நடுவர் ஐயா | இரவு 11:52

இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். மற்றவர் குண்டை வீசினால் போட்டியில் எச்சரிக்கை கிடைக்கும். அந்த வீச்சு செல்லும், ஆனால் அந்தக் குண்டை எடுத்துவிட்டு உடனே தன் குண்டை அங்கே வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் குண்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த விதி. தெருவில் ஆடுகிறவர்கள் இதை மதிப்பதில்லை.

நெல்லித்தோப்பு மணி | இரவு 11:58

தெருவுல ஆடி வளர்ந்த ஆட்டம்தான் ஐயா இது. சரி, பேர் வெட்டியிருந்தா இந்தப் பிரச்சனையே இல்லையே? ஆனா பேர் வெட்டின குண்டைப் போட்டியில சேர்க்க மாட்டாங்கன்னு சொல்றாங்க, உண்மையா?

நடுவர் ஐயா | திங்கள், காலை 6:05

உண்மை. குண்டில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. ஈயம், மணல், பாதரசம் என்று உள்ளே எதையாவது அடைத்து ஏமாற்றிய காலம் உண்டு. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு.

சார்செல் புதுவைக்காரன் | காலை 11:20

இல்லீங்க ஐயா, அது வேற, இது வேற. உள்ள எதையும் அடைக்கக் கூடாது, தயாரிச்சு வந்த பிறகு குண்டோட தன்மையை மாத்தக் கூடாது. ஆனா ஆடுறவர் பேரையோ முதலெழுத்தையோ பொறிச்சுக்கலாம்னு விதி அதே இடத்துல சொல்லுது. புதுசா செட்டு வாங்கும்போது சொன்னா தயாரிக்கிறவங்களே வெட்டித் தர்றாங்க. என்னோட மூணு குண்டுலயும் என் முதலெழுத்து இருக்கு, போட்டியில யாரும் தடுத்தது கிடையாது. நாமளா கிரைண்டரை வச்சு ஆழமாத் தோண்டுறதுதான் தப்பு.

நடுவர் ஐயா | காலை 11:48

தயாரிப்பாளர் வெட்டித் தருவதை நான் மறுக்கவில்லை. இங்கே பட்டறையில் கொடுத்து வெட்டுகிறார்களே, அதைத்தான் சொன்னேன்.

சார்செல் புதுவைக்காரன் | காலை 11:55

முதல்ல அப்படிச் சொல்லலையே ஐயா. "எந்த மாற்றமும்" என்றுதான் எழுதியிருக்கீங்க. படிக்கிற பசங்க பயந்துக்கிட்டுப் பேரே வெட்டாம விட்டுடுவாங்க. அதுதான் என் கவலை.

மஞ்சக்குப்பம் வக்கீல் | நண்பகல் 12:30

சட்டப் பக்கமும் ஒரு வார்த்தை. கண்டெடுத்த பொருள் எடுத்தவருக்குச் சொந்தமாகிவிடாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 71ஆம் பிரிவுப்படி, அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர், ஒப்படைத்த பொருளைக் காப்பவர்போல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இன்னொன்று: "கொண்டுவந்தால் இவ்வளவு ரூபாய் தருகிறேன்" என்று தெருவில் ஒட்டுவதற்கு முன் யோசியுங்கள். 168ஆம் பிரிவுப்படி, அறிவித்த சன்மானத்தைக் கேட்டுக் கண்டெடுத்தவர் வழக்கே போடலாம். கொடுக்கிற தொகையை மட்டும் எழுதுங்கள். தொகை எழுதாமல் "தகுந்த சன்மானம்" என்று போட்டால் வீண் பேரம்தான் நடக்கும்.

முத்தியால்பேட்டை பையன் | மாலை 5:40

அக்கா சொன்ன மாதிரி துடைச்சுப் பார்த்தேன். ஒண்ணுல 720, இன்னொண்ணுல 690. தொடர் எண்ணும் வேற வேற. தாத்தா செட்டு 720ன்னு அப்பா சொல்றார். 690 எங்களது இல்ல.

குயவர்பாளையம் அக்கா | மாலை 5:52

அப்போ உனக்குக் குறையறது ஒண்ணு இல்ல தம்பி, ரெண்டு. 690 குண்டுக்காரர் யாரு? அன்னிக்கு அந்த அண்ணனுக்குக் குண்டு கொடுத்த இன்னொருத்தர்தான். இரவல் வாங்கினவர் ரெண்டையும் மாத்தித் திருப்பிக் கொடுத்திருக்கார். மேல மண்ணு ஒட்டிக் கிடந்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், முப்பது கிராம் வித்தியாசம் கையில பிடிபடாது. அந்த 690 குண்டுக்காரருக்குப் போன் போட்டு "உங்க பையில 720 போட்ட குண்டு இருக்கா"ன்னு கேளு. மாத்திட்டீங்கன்னு குறை சொல்றாப்பல கேட்காதே. அவருக்கும் ஒண்ணு மாறித்தான் இருக்கு.

லாஸ்பேட்டை ராஜா | மாலை 6:10

அருமைக்கா. இன்னொரு குண்டுக்கு நான் ஒண்ணு சொல்றேன். கடைசி ரவுண்டுல யாராவது டிர் (எதிராளி குண்டைக் குறிவச்சு அடிச்சுத் தள்ளுறது) அடிச்சாங்களா? குண்டு மேல குண்டு நேரா மோதினா, அடி வாங்கினது பல மீட்டர் தள்ளிப் போகும், அதுவும் கெட்டித் தரையில. எல்லாரும் புள்ளி எண்ணுறதுலயே நிப்பாங்க, தெறிச்சுப் போனதை யாரும் பார்க்க மாட்டாங்க. 13 புள்ளி வந்ததும் ஜெயிச்ச சந்தோஷத்துல கொஷொனே (குறியா வைக்கிற சின்னப் பந்து) பக்கத்துல கிடக்கிறதை மட்டும் பொறுக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. நீங்க டார்ச் அடிச்சது நடு மைதானத்துலதானே? ஓரத்தைப் பாருங்க. எந்தப் பக்கத்துல நின்னு எந்தப் பக்கம் அடிச்சாங்கன்னு கேட்டு, அதே கோட்டுல நடந்து மதில் வரைக்கும் போங்க. கல்லு, வேர் ஏதாவது இருந்தா அங்கிருந்து பக்கவாட்டுலயும் பாருங்க.

நெல்லித்தோப்பு மணி | மாலை 6:22

பழைய இரும்புக் கடையையும் விட்டுடாதீங்க. ரெண்டாவது குண்டு அங்கதான் இருக்கும்னு நான் இன்னும் சொல்றேன். போறப்போ மிச்சம் இருக்கிற குண்டைக் கையில எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. வாயால விவரிச்சா கடைக்காரருக்குப் புரியாது.

முத்தியால்பேட்டை பையன் | இரவு 8:15

720 ஒண்ணு கிடைச்சிடுச்சு, அந்த 690 குண்டுக்காரர் பையிலதான் இருந்துச்சு. மாத்திக்கிட்டோம். டிர் அடிச்சது உண்மைதான், மதில் பக்கமா. காலையில பார்க்கிறேன்.

குயவர்பாளையம் அக்கா | இரவு 8:30

சந்தோஷம் தம்பி. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போ. சாய்ஞ்ச வெளிச்சத்துல எவர்சில்வர் மின்னும். 14ஆம் தேதிக்குள்ள கிடைக்கலேன்னா கவலைப்படாதே, என்கிட்ட 710 செட்டு ஒண்ணு சும்மா கிடக்கு. வந்து வாங்கிக்கோ. உன் கைக்கு 720 பழகியிருந்தா ரெண்டு நாள் போட்டுப் பார்த்துட்டு ஆட்டத்துக்குப் போ.

சார்செல் புதுவைக்காரன் | செவ்வாய், மதியம் 1:10

தம்பி, கிடைச்சாலும் கிடைக்காட்டியும் மூணு குண்டோட நம்பரையும் போட்டோ எடுத்து வீட்ல எல்லாருக்கும் அனுப்பி வை. தாத்தா காலத்துச் செட்டுன்னா அதே தொடர் எண்ணுல இன்னொரு குண்டு வாங்க வழியே கிடையாது. பழைய செட்டு விற்கிற கடைகள் இங்க இருக்கு, ஆனா ஒத்தைக் குண்டா 720ல கிடைச்சாலும் விட்டமும் ஒத்துப்போகணும். விட்டம் எத்தனைன்னு அளந்து சொன்னா நான் விசாரிக்கிறேன்.

முத்தியால்பேட்டை பையன் | செவ்வாய், இரவு 9:02

கிடைச்சிடுச்சு. மதில் ஓரம் செங்கல் குவியலுக்குப் பின்னாடி. எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்கு ரொம்ப நன்றி.

லாஸ்பேட்டை ராஜா | இரவு 9:10

டிர் அடிச்ச திசையிலதானே?

கடலூர் காந்தம் | இரவு 9:14

மூணும் கைக்கு வந்தது ரொம்ப சந்தோஷம். தம்பி, ஒரு காந்தத்தை வச்சுப் பார்த்து, ஒட்டுதா இல்லையான்னு ஒரு வரி எழுதுங்க. எங்க பசங்களுக்குச் சொல்லணும்.

லாஸ்பேட்டை ராஜா | வியாழன், காலை 7:30

தம்பி?