கொலைக் காட்சி: தடயம் சேகரிப்பதை நம்பும்படி எழுதுவது எப்படி?

கேள்வி: என் நாவலில் இன்ஸ்பெக்டர் ரத்தம் தோய்ந்த சட்டையைப் பாலிதீன் பையில் போட்டு, "இறந்தது சரியாக 10.20-க்கு" என்கிறார். எங்கே இடிக்கிறது?

பதில் 1: முதலில் அந்தப் பை. ஈரத்துணியைப் பாலிதீனில் அடைத்தால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதைந்துவிடும். உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் வைக்க வேண்டும். அதற்கும் முன்பு, எதையும் தொடாமல் படம் எடுக்க வேண்டும்: அறை முழுதும், பொருள் கிடக்கும் இடம், பிறகு அளவுகோல் வைத்து நெருக்கத்தில். பையை ஒட்டி, ஒட்டிய விளிம்பின் மேலேயே கையெழுத்து, தேதி, நேரம். கை மாறும்போதெல்லாம் பதிவு. அதில் ஒரு வரி விடுபட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். கதைக்கு அருமையான முடிச்சு அது.

பதில் 2: இறந்த நேரத்தை நிமிடக் கணக்கில் யாராலும் சொல்ல முடியாது. இறந்த பின் தசைகளில் வரும் விறைப்பு 2 முதல் 4 மணி நேரத்தில் தாடையில் தெரியும், சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவும். சூடான அறையில் விறைப்பு முந்தும், உடல் குளிர்வது பிந்தும். "ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கலாம்" என்று மருத்துவர் சொல்லட்டும், இன்ஸ்பெக்டர் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: நன்றி. லூமினால் (ரத்தக் கறை பட்டால் இருட்டில் ஒளிரும் ரசாயனம்) தெளித்து ஒளிர்ந்தால் ரத்தம்தானே?

பதில் 1: இல்லை. ப்ளீச் போட்டுக் கழுவிய தரையும் ஒளிரும். ஆய்வகம்தான் உறுதி செய்ய வேண்டும்.