யூபிலி மலரில் தமிழுக்கு எட்டுப் பக்கமாம், கமிட்டியில் என்ன கேட்கலாம்?

கொட்டாஞ்சேனையான்:

எல்லோருக்கும் வணக்கம். வடகொழும்பில் ஒரு கத்தோலிக்க ஆண்கள் பாடசாலையில் முதலாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை தமிழ் மொழிமூலத்தில் படித்தவன் நான். பாடசாலையின் பெயர் வேண்டாம், இங்கே பாதிப் பேருக்கு எப்படியும் விளங்கிவிடும். வருகிற வருடம் 75 ஆவது ஆண்டு. பழைய மாணவர் சங்கம் கமிட்டி போட்டு வேலையும் தொடங்கிவிட்டது, தமிழ்ப் பக்கத்துக்கும் ஒரு ஆள் வேண்டும் என்று போன மாதம் என்னையும் இழுத்துப் போட்டார்கள். போய் உட்கார்ந்தால் எல்லாம் ஏற்கெனவே முடிவாகி இருக்கிறது. ஜனவரியில் நன்றித் திருப்பலி, பிறகு நடைபவனி, மைதானத்தில் கார்னிவல், கடைசியில் ஹோட்டலில் டின்னர் டான்ஸ். மலர் 200 பக்கம், அதில் தமிழுக்கு எட்டு. திருப்பலி சிங்களமும் ஆங்கிலமும், காணிக்கை நேரத்தில் ஒரு தமிழ்ப் பாட்டு.

யாரும் வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று நான் நினைக்கவில்லை. கமிட்டியின் வட்ஸ்அப் குழு முழுக்க ஆங்கிலம், எங்கள் ஆட்கள் அதில் வாயே திறப்பதில்லை, வெளியே தேத்தண்ணிக் கடையில் நின்றுதான் குறை சொல்வார்கள். ஆனால் இப்போது படிக்கிற பிள்ளைகளில் தமிழ் மொழிமூலம் சின்னத் தொகை இல்லையே. அதிலும் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள், கொஞ்சம் முஸ்லிம் பிள்ளைகள். அவர்களைத் திருப்பலிக்குக் கூட்டிக்கொண்டு போய் சும்மா வரிசையில் உட்கார வைத்தால் அது கொண்டாட்டமா? டின்னர் டான்ஸ் டிக்கெட் விலையைக் கேட்டால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வரமாட்டார்கள், அதையும் எதிர்த்துப் பேசலாமா என்று யோசிக்கிறேன். அடுத்த கூட்டம் இரண்டு கிழமையில். இப்படி எதையாவது நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், வெறும் திட்டு வேண்டாம்.

பழைய டீச்சர்:

தம்பி, நான் கொழும்பில் ஒரு கன்னியர் மடப் பாடசாலையில் தமிழும் சைவநெறியும் படிப்பித்து ஓய்வு பெற்றவள். நானே சைவக்காரி, அதனால் திருப்பலிக் கேள்விக்கு நான் பதில் சொன்னால் கொஞ்சம் பொருத்தமாக இருக்கும். சைவப் பிள்ளைகளுக்குத் திருப்பலி சங்கடமே இல்லை, அவர்கள் ஒவ்வொரு பாதுகாவலர் திருநாளுக்கும் இருந்து பழகியவர்கள், 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' பாடமாகச் சொல்வார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமை போகாத கொட்டாஞ்சேனைச் சைவ வீடு எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள். எதற்கு எழும்புவது, எதற்கு உட்காருவது, நற்கருணை நேரத்தில் தான் என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால் அதுதான் சங்கடம். நற்கருணை கத்தோலிக்கருக்கு மட்டும், மற்றப் பிள்ளைகள் இடத்திலேயே இருக்கலாம், அல்லது கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு போய் ஃபாதரிடம் ஆசீர் வாங்கலாம். இதை முதல் நாள் காலைக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் சொன்னால் போதும். எங்கள் பாடசாலையில் ஒருமுறை சொல்லாமல் விட்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வரிசையோடு வரிசையாகப் போய்க் கையை நீட்டி, பின்னால் நின்ற சிஸ்டர் ஓடி வந்து இழுத்து, அந்தப் பிள்ளை ஒரு கிழமை பாடசாலைக்கு வர மாட்டேன் என்று அழுதது.

காணிக்கைப் பவனி எல்லோருக்கும் திறந்த இடம். அப்பமும் திராட்சை இரசமும் கத்தோலிக்கப் பிள்ளைகள் கொண்டு போகட்டும். அதற்கு முன்னால் பாடசாலையைக் காட்டுகிற பொருட்கள் போகும்தானே, பேட், பேண்ட் குழுவின் மேளம், பழைய வரவுப் பதிவேடு, அவற்றை யார் தூக்கினாலும் சரி. எங்கள் யூபிலியில் பாடசாலையின் பெரிய சாவிக் கொத்தைக் காவலாளி ஐயாவின் கையில் கொடுத்து நடக்க வைத்தோம், அவர் முதல் நாளே சேட்டை ஸ்திரி போட்டு அலுவலக அலுமாரியில் தொங்கவிட்டிருந்தார். முதல் வாசகத்தைத் தமிழில் கேளுங்கள், விசுவாசிகள் மன்றாட்டில் இரண்டைத் தமிழில் கேளுங்கள். இதற்கெல்லாம் கமிட்டியில் சண்டை பிடிக்கத் தேவையில்லை, திருப்பலி வைக்கிற ஃபாதரிடம் நேராகப் போய்க் கேட்டால் சரி. பிறகு மைதானத்தில் கூட்டம் வைக்கும்போது நிறைகுடம், குத்துவிளக்கு எல்லாம் சைவப் பிள்ளைகளிடம் பொறுப்பாக விடுங்கள். ஆனால் விருந்தினர் படத்துக்கு நிற்க மட்டும் பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள், எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.

மலர்க்குழுவில் மாட்டியவன்:

எட்டுப் பக்கம் பற்றி நான் சொல்கிறேன். பக்கத்தைக் கூட்டிக் கேட்காதீர்கள், கேட்டால் பன்னிரண்டு தருவார்கள், அதை நிரப்ப நீங்கள் ராத்திரி முழுக்க முழித்திருப்பீர்கள். கையில் விஷயத்தை வைத்துக்கொண்டு போங்கள், இடம் தானாக வரும். யூபிலி மலர் என்றால் முதல் முப்பது பக்கம் ஆசிச் செய்தி, வாழ்த்துச் செய்தி, எல்லோரும் ஒரே பேனாவால் எழுதிய மாதிரி, யாரும் வாசிப்பதில்லை. உங்கள் பாடசாலை 1950 அளவில் தொடங்கியது என்றால் அதற்குப் பத்து வயதாகும்போதுதான் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைக் கையேற்றது. 1960 டிசம்பர். கத்தோலிக்கப் பெற்றோர் இரவு பகலாகப் பாடசாலைகளுக்குள்ளேயே இருந்து மறித்த காலம் அது. பெரிய கல்லூரிகள் சில கட்டணமும் வாங்காமல் அரசாங்கக் காசும் இல்லாமல் தனியாக நிற்கிறோம் என்றன, மற்றவை கைமாறின. உங்களுடையது எந்தப் பக்கம் போனது, அன்றைக்கு உள்ளே படுத்திருந்த பெற்றோர் யார், அவர்களில் தமிழர் எத்தனை பேர்? அப்போது பதினைந்து வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பது. இந்த வருடம் போய்க் கேட்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இல்லை. அதிபரிடம் சம்பவத் திரட்டுப் புத்தகத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். கொழும்பு 7 தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய வீரகேசரியும் தினகரனும் இருக்கின்றன, பரிசளிப்பு விழாச் செய்திகளை அந்தக் காலப் பத்திரிகைகள் விரிவாகவே போட்டன.

தமிழர் பங்கு என்று எழுதும்போது புகழ் பாட வேண்டாம், வேலையை எழுதுங்கள். மருதானை புனித சூசையப்பர் கல்லூரியை எடுங்கள், பீற்றர் பிள்ளை அடிகளார் 1940 இலிருந்து 1955 வரை அதிபர். போர்க்காலத்தில் இராணுவம் கல்லூரி வளவை எடுத்துக்கொள்ள வகுப்புகளை வெளியூர்களுக்குக் கொண்டுபோய் நடத்தினார், 1954 இல் அக்வைனாஸ் கல்லூரியையும் தொடங்கினார். இதை அப்படியே எழுதினாலே போதும், 'கல்விச் சுடர்' 'ஒளிவிளக்கு' எதுவும் தேவையில்லை. உங்கள் பாடசாலையிலும் அப்படி ஒரு ஆசிரியர் இருந்திருப்பார்.

இனி முக்கியமானது, எழுத்து. வடிவமைக்கிற தம்பி சிங்களப் பையனாக இருப்பார், நல்ல பையனாகவே இருப்பார், ஆனால் தமிழ் வாசிக்கத் தெரியாது. நீங்கள் யூனிகோட்டில் அனுப்புவீர்கள், அவருடைய பழைய மென்பொருளில் ஒட்டியதும் 'கொ' என்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். அவருக்கு எல்லாம் அழகான தமிழாகத்தான் தெரியும். அல்லது அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள், அதில் 'ஸ்ரீ' காணாமல் போகும். எங்கள் மலரில் ஒரு முழு வகுப்பின் பெயர்ப் பட்டியல் இப்படிச் சிதைந்து அச்சானது, அதில் இருந்தவர்களின் அம்மாமாருக்கு நான் பதில் சொல்ல வேண்டி வந்தது. கடைசி அச்சு ஒப்பு கைக்கு வராமல் 'அச்சிடலாம்' என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். ஒப்பைக் காகிதத்தில் பாருங்கள், போனில் வேண்டாம். அச்சானதும் ஒரு பிரதியை நூலகம் இணையத்தளத்துக்கும் கொடுங்கள், பாடசாலை மலர்கள் நிறைய அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

மட்டக்குளி ராசா:

டின்னர் டான்ஸை எதிர்க்காதே தம்பி. எனக்கும் அது பிடிக்காது, டை கட்டிக்கொண்டு ஒரு பிளேட் சோற்றுக்கு அவ்வளவு காசு. ஆனால் காசு வருவது அங்கேதான், வெளிநாட்டு ஆட்கள் மேசை மேசையாக எடுப்பார்கள். அந்தக் காசு எங்கே போகிறது என்று கூட்டக் குறிப்பில் எழுத வை, அதுதான் உன் வேலை. வாசலில் நினைவுத்தூண் ஒன்று கட்டி அதில் கமிட்டிக்காரரின் பெயரைப் பொறிக்கப் போகிறார்களா, பின்பக்க மலசலகூடத்தைத் திருத்தப் போகிறார்களா? மழை நாளில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவனுக்குத் தெரியும். கார்னிவலை மட்டமாக நினைக்காதே. 1960 க்குப் பிறகு தனியாக நின்ற பாடசாலைகள் கட்டணம் வாங்க முடியாமல் கார்னிவல், லொத்தர் டிக்கெட், சேகரிப்பு என்று காலத்தை ஓட்டின, அரசாங்கம் ஆசிரியர் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது எவ்வளவோ பிறகு. ஐம்பது ரூபாய் டிக்கெட்டில் ஒரு பின்னேரம் முழுக்க ஊரே வரும், வாசலில் கடலை விற்கிற ஆள்கூட உள்ளே வரலாம். உங்கள் ஆட்கள் வருகிற கொண்டாட்டம் அதுதான். தமிழ்ப் பெற்றோரிடம் இரண்டு கடை கேள், தோசையும் வடையும் போட்டால் வரிசை ஜிந்துப்பிட்டி வரைக்கும் நிற்கும்.

நடைபவனிக்கு ஒன்று சொல்கிறேன். பொலிஸ் அனுமதிக்கு நேரத்தோடு எழுதிக் கொடுங்கள், ஆமர் வீதிச் சந்தியைத் தாண்டுகிற பாதை என்றால் காலை ஏழரைக்குள் முடியுங்கள், அதற்குப் பிறகு லொறி வரும். சின்ன வகுப்புகளை முழுத் தூரமும் நடக்க வைக்க வேண்டாம். பழைய மாணவர்மார் பாப்பரே பேண்ட் அடித்துக்கொண்டு பின்னால் ஆடி ஆடி வருவார்கள், முன்னால் போகிற பிள்ளைகள் வெயிலில் நின்று காய்வார்கள், ஒவ்வொரு முறையும் இதே கதை.

ஸ்காபரோவிலிருந்து:

நானும் அதே பக்கத்துப் பாடசாலைதான் என்று நினைக்கிறேன், ஆனால் 1983 இல் சாதாரண தரத்துக்கு இருந்த வகுப்பு. ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வகுப்பில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை என்று அப்போது யாரும் எண்ணவில்லை. சிலர் யாழ்ப்பாணம், சிலர் இந்தியா, நான் கடைசியில் இங்கே கனடாவில். விடுகைப் பத்திரம்கூட வாங்காமல் போனவர்கள் இருக்கிறோம், அதனால் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலில் எங்கள் பெயர் கிடையாது, 50 ஆவது ஆண்டு மலரில் எங்கள் வகுப்புப் படத்துக்குக் கீழே போட்ட பெயர்களிலும் பாதி இல்லை. தம்பி, உங்கள் கமிட்டியிடம் இதைக் கேளுங்கள். பாடசாலையின் பழைய சேர்வு இடாப்பைத் திறந்து, 1983 ஜூலையில் வகுப்பில் இருந்த எல்லோருடைய பெயரையும் மலரில் போடட்டும், விலகிய காரணம் எதுவும் எழுத வேண்டாம், பெயர் மட்டும் போதும். அதற்கு ஒரு பக்கம் காணும், அந்தப் பக்கத்தின் அச்சுக் காசை நான் தருகிறேன்.

அப்புறம் திருப்பலியை நேரலையாகப் போடுவதாக இருந்தால் ஒன்று, ஜனவரியில் கொழும்புக்கும் எங்களுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். அங்கே காலை எட்டு மணி என்றால் எங்களுக்கு முதல் நாள் இரவு ஒன்பதரை, பார்க்கலாம். பத்து மணிக்குத் தள்ளினால் இங்கே நடுச்சாமம், வயதானவர்கள் படுத்துவிடுவார்கள்.

கொட்டாஞ்சேனையான்:

எல்லோருக்கும் நன்றி, கூட்டம் நேற்று முடிந்தது. முதல் வாசகம் தமிழில் என்பது ஃபாதரிடம் கேட்ட அன்றே சரி, அவர் 'இதை ஏன் இவ்வளவு நாள் கேட்கவில்லை' என்றார். டின்னர் டான்ஸைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, ராசா அண்ணா சொன்ன மாதிரி மலசலகூட விஷயத்தை எடுத்தேன், பொருளாளருக்கு முகம் கறுத்தது, ஆனால் கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது. தோசைக் கடைக்கு ஒன்றுதான் தந்தார்கள். 1983 இடாப்புக்குத்தான் பெரிய விவாதம். ஒருவர் 'அரசியல் வேண்டாம்' என்றார். பெயர்ப் பட்டியலில் என்ன அரசியல் என்று எங்கள் காலத்துச் சிங்கள மொழிமூல மாணவத் தலைவர் எழும்பிக் கேட்டார், அவருடைய வகுப்பு நண்பர்கள் மூன்று பேர் அந்த ஜூலையில் போனவர்களாம். கடைசியில் எல்லா வருடங்களின் இடாப்புப் பெயர்களையும் போடுவது என்று முடிவு, அதற்கு மலரில் தனியாக நாற்பது பக்கம். ஸ்காபரோ அண்ணா, உங்கள் வகுப்பு எந்தப் பிரிவு என்று தனியாக எழுதுங்கள், இடாப்பில் ஈரம் பட்ட பக்கங்கள் இருக்கின்றன, வாசிக்க முடியாத பெயர்களை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது என் பிரச்சினை வேறு. நாற்பது பக்கத்தையும் மூன்று மொழியிலும் ஒப்புப் பார்க்க ஆள் வேண்டும், தமிழுக்கு நான் ஒருத்தன்தான்.

பழைய டீச்சர்:

தமிழ்ப் பெயர்களை எனக்கு அனுப்புங்கள் தம்பி. காகிதத்தில்தான், பெரிய எழுத்தில். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கோவிலுக்குப் போய் வர ஏழு மணி ஆகும்.