பைக் வீல் வெள்ளையாகப் பூத்துவிட்டது, அவசரம்!

பாம்பன்_பையன்:
வீல் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. வியாழக்கிழமை தங்கச்சிக்கு நிச்சயம், வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும். எதைப் போடலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஸ்பேனர்_தம்பி:
என்ன வண்டி? ஸ்போக்ஸ் ரிம்மா, அலாயா? ஒரு போட்டோவாவது போடலாமே.

மண்டபம்_மச்சான்:
பிரியாணிப் பார்சலில் வரும் சில்வர் பேப்பரைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அப்பாவின் பழைய வண்டி ரிம் கண்ணாடி மாதிரி ஆனது. கடைசியில் தேங்காய் எண்ணெய் ஒரு கை.

பழைய_மெக்கானிக்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை எழுதியிருப்பேன்! தேடிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை. சில்வர் பேப்பர் வைத்தியம் குரோம் ரிம்முக்கு. குரோமில் அடி இரும்பு எட்டிப் பார்த்தால் செந்துரு வரும். வெள்ளையாகப் பூத்தால் அது அலுமினியம். இது தெரியாமல் ஆலோசனை வேறு.

பாம்பன்_பையன்:
அலாய்தான் அண்ணே. கறுப்பு பெயின்ட், விளிம்பு மட்டும் சில்வர். நேற்று பாத்ரூம் ஆசிட் ஊற்றினேன். நுரைத்தது, அப்புறம் இன்னும் மங்கிவிட்டது.

பழைய_மெக்கானிக்:
ஆசிட்டா! அடுத்து காஸ்டிக் சோடா போடுவீர்கள். இரண்டுமே அலுமினியத்தைத் தின்னும். முதலில் நல்ல தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுங்கள். பிரேக் டிரம்முக்குள் போயிருந்தால் திறந்து பார்க்க வேண்டும்.

மண்டபம்_மச்சான்:
எல்லாம் உப்புக் காற்று செய்யும் வேலை. இந்தத் தீவில் எந்த இரும்பு நின்றது?

பழைய_மெக்கானிக்:
1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் நிற்கவில்லையா?

மண்டபம்_மச்சான்:
ஓயாமல் பெயின்ட் அடித்தார்கள், நின்றது. 2025-இல் திறந்த புதுப் பாலத்துக்கு அதனால்தான் தனிப் பூச்சே பூசியிருக்கிறார்கள். காற்று ஒன்றும் செய்யாது என்றால் அந்தச் செலவு எதற்கு?

ஸ்பேனர்_தம்பி:
பாலத்தை விடுங்கள், பையனின் வீலுக்கு வாருங்கள்.

கீழக்கரை_காக்கா:
தம்பி, முன் வீலும் இப்படித்தானா?

பாம்பன்_பையன்:
முன் வீல் நன்றாகத்தான் இருக்கிறது. பின் வீல் மட்டும். அதுவும் இடது பக்கம்.

கீழக்கரை_காக்கா:
காற்று இடது பக்கம் மட்டுமா அடிக்கும்? பின்னால் என்ன கட்டுகிறீர்கள்?

பாம்பன்_பையன்:
மீன் பெட்டிதான் காக்கா. தினமும் பாம்பனிலிருந்து உச்சிப்புளிக்கு. இதைக் கூடவா சொல்ல வேண்டும்?

கீழக்கரை_காக்கா:
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! பெட்டியின் ஓட்டை இடது பக்கம் இருக்கும், பாருங்கள். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் தினமும் ரிம்மில் சொட்டுகிறது. கல் பட்டு லாக்கர் (ரிம்மின் மேல் அடித்த கண்ணாடி மாதிரிப் பூச்சு) பெயர்ந்த இடத்தில் உள்ளே நுழைந்து, லாக்கருக்கு அடியிலேயே புழு ஊர்ந்த தடம் மாதிரி பரவும். நகத்தால் தடவினால் மேலே வழுவழுப்பாக இருக்கும், வெள்ளை அதற்குக் கீழே. அதனால்தான் தேய்த்தும் போகவில்லை.

டயரைக் கழற்றுங்கள். பெயின்ட் ரிமூவர் போட்டு அந்தப் பகுதி லாக்கரை எடுங்கள். தண்ணீர் தொட்டு 400, 800, 1200 நம்பர் என்று சொரசொரப்பிலிருந்து நைசுக்கு வரிசையாக உப்புத்தாள் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட்டு, அன்றைக்கே லாக்கர் அடியுங்கள். வெறும் பாலிஷோடு விட்டால் பளபளக்கும், நம் கரையில் கொஞ்ச நாளிலேயே மறுபடி பூக்கும். ஆசிட் குழி ஆழமாக இருந்தால் பளபளப்பை மறந்துவிடுங்கள். எட்ச் பிரைமர் (அலுமினியத்தில் பெயின்ட் பிடிக்க அடிக்கும் அடிப்பூச்சு) அடித்து முழுக்கக் கறுப்பாக்குவதே நல்லது. வாஷுக்கு உவர்ப்பான போர்வெல் தண்ணீர் வேண்டாம்.

மண்டபம்_மச்சான்:
உப்புக்கு உப்புத்தாளா காக்கா? 😄

ஸ்பேனர்_தம்பி:
டியூப்லெஸ்ஸா? காற்று இறங்குகிறதா?

(ஆறு நாள் கழித்து)

பாம்பன்_பையன்:
ஆமாம், டியூப்லெஸ். இரண்டு நாளைக்கு ஒருமுறை காற்று அடிப்பேன், வால்வு என்று நினைத்தேன். டயரைக் கழற்றினால் பீடிங் (டயரின் உள்விளிம்பு) ரிம்மில் உட்காரும் இடத்திலும் வெள்ளை. சுரண்டிச் சுத்தம் செய்ததும் காற்று இறங்குவது நின்றுவிட்டது. வீல் இப்போது முழுக்கக் கறுப்பு. பெட்டி ஓட்டையில் ஹோஸ் மாட்டிப் பின்னால் இறக்கிவிட்டேன். நிச்சயத்துக்கு மாமா வண்டியில் போனேன்.