வலிப்பு, ஸ்கான், தலையில் பீஸ்: உங்கள் அனுபவம்?

புதுக்குடியிருப்பு அக்கா
தம்பிக்கு 2009 மாசியில், சண்டை நேரம், தலையில் செல் பீஸ், அதுதான் எறிகணைச் சிதறல், பட்டது. காயம் ஆறிவிட்டது, பீஸ் உள்ளேயே. நாலு வருசம் கழித்து, வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவனுக்கு முதல் வலிப்பு. பிறகு கிளினிக், குளிசை, எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். எம்ஆர்ஐக்குத் துண்டு தந்தார்கள், பெரிய காந்தத்தால் உள்ளே படம் எடுக்கிற ஸ்கான். விடியக்காலை பஸ்ஸில் போனோம். வாசலில் ஒரு பொடியன் படிவத்தோடு நின்று, "உடம்பில் இரும்பு ஏதும் இருக்கா?" என்று கேட்டான். நான் "இல்லை" என்றேன்.

முகாமால் வந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லிப் பழகியிருந்தோம். காயம் என்றால் எங்கே பட்டது, எப்போது, யாரோடு நின்றாய் என்று கேள்வி நீளும். வாய் தானாகச் சொல்லிவிட்டது. தம்பி மணிக்கூட்டையும் பெல்ட்டையும் கழற்றி என் கையில் தந்தான். கதவு வரை போனவன் திரும்பி வந்து, தலையைக் குனிந்து, காதுக்கு மேலே மயிரை இரண்டு விரலால் விலக்கிக் காட்டினான். "இதுக்குள்ள ஒண்டு கிடக்கு."

எக்ஸ்ரேயில் புளியங்கொட்டை அளவில் வெள்ளையாய்த் தெரிந்தது. எம்ஆர்ஐ இல்லை, சிடிதான் எடுத்தார்கள்.

முழங்காவிலான்
அக்கா, சனத்தைச் சும்மா பயப்படுத்தாதேங்கோ. எனக்குத் தொடையில் பீஸ் கிடக்கு. இடுப்புக்கு எம்ஆர்ஐ எடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

ஒட்டுசுட்டான்
அண்ணை, தொடை வேறு, மூளை வேறு. தொடையில் தசை இறுக்கிப் பிடித்திருக்கும். மூளையிலோ கண்ணிலோ கிடக்கும் உருக்குத் துண்டு கொஞ்சம் அசைந்தாலே ரத்தம் கசியும். அந்தக் காந்தம் படம் எடுக்காத நேரமும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். சிடி எக்ஸ்ரே வகை, இழுக்காது. என்ன, பீஸைச் சுற்றிக் கதிர் கதிராய் வெள்ளைக் கோடு விழுந்து பக்கத்தில் இருப்பதை மறைத்துவிடும். உங்களுக்கு நடக்கவில்லை என்பதற்காக எல்லாருக்கும் அப்படி என்று எழுதாதேங்கோ.

மாங்குளம் அம்மா
என் மகளுக்கு விழுந்து இழுக்கும் வலிப்பு இல்லை. ஒரு இடத்தைப் பார்த்தபடி வாயைச் சப்புவாள், சட்டைப் பொத்தானைத் திருகுவாள், ஒரு நிமிசத்தில் தெளிந்துவிடுவாள். சிடி எடுத்தோம், நோர்மல். உடனே வீட்டில் "நடிக்கிறாள்" என்றார்கள், மாமியார் கோயிலுக்கு நூல் கட்டக் கூட்டிப்போனா. நானும் ஒருநாள் அடித்துவிட்டேன். வாயைச் சப்பிக்கொண்டே அடி வாங்கினாள்.

இரண்டு வருசம் கழித்து எம்ஆர்ஐ. காதுக்கு உட்பக்கம், ஞாபகம் வைக்கிற இடம் ஒருபக்கம் சுருங்கித் தழும்பாய் இருந்தது. அதைச் சாதாரண சிடியில் பிடிப்பது கஷ்டம் என்று டொக்டர் சொன்னார். அந்தச் சட்டையை நான் இன்னும் எறியவில்லை.

பூநகரி ஆசிரியர்
என் மகனுக்கு சிடி, எம்ஆர்ஐ இரண்டும் சுத்தம், ஆனாலும் வலிப்புதான். குளிசையில் நிற்கிறது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் சில விசயம் சொல்ல வேண்டும். படம் சுத்தம் என்றால் வருத்தம் இல்லை என்று அர்த்தமில்லை. தழும்போ கட்டியோ இருந்தால் ஸ்கான் காட்டலாம், மூளையின் மின்சாரக் குழப்பத்தைத் தலையில் வயர் ஒட்டி எடுக்கிற ஈஈஜிதான் பிடிக்கும், அதுவும் சிலவேளை தவறவிடும். எங்கள் டொக்டர் இரண்டு படத்தையும் விட, மனிசி போனில் எடுத்த வீடியோவைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆகவே வீடியோ எடுங்கோ. பழைய பிலிம் எல்லாம் கொப்பியோடு கொண்டுபோங்கோ. கையில் இரும்புத் திறப்பு வைக்காதேங்கோ, வாய்க்குள் கரண்டி விடாதேங்கோ, ஒருபக்கமாய்ச் சரித்துப் படுக்க வையுங்கோ. ஐந்து நிமிசம் தாண்டினால் ஆஸ்பத்திரி. குளிசையைத் தானாக நிறுத்த வேண்டாம். புதுக்குடியிருப்பு அக்காவின் தம்பியும் ஒழுங்காய்ப் போடுகிறாரா என்று பாருங்கோ, கிணத்தடிக்குத் தனிய விடவேண்டாம்.

புதுக்குடியிருப்பு அக்கா
சேர், போடுகிறான். நான் எழுதியது குளிசை பற்றி இல்லை. அந்தப் படிவத்தில் "இல்லை" என்பதற்குக் கீழே என் கையெழுத்து. தம்பி அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.