58-இல் ஓய்வு, 62 வரை வீட்டுக்கடன்: முன்னாலேயே முடிக்க எந்த வழி?

தச்சநல்லூர்வாசி

எல்லாருக்கும் வணக்கம். கணக்குத் தெரிந்தவர்கள் ஒரு வழி சொல்லுங்கள்.

கங்கைகொண்டான் சிப்காட்டில் தனியார் வேலை. வயது 52, ஓய்வு 58-இல். வீட்டுக்கடன் 2016-இல் வாங்கியது, 20 வருடம். இன்றைய அசல் பாக்கி 15 லட்சம், வட்டி 8.5, தவணை 18,598, இன்னும் 120 மாதம் இருக்கிறது. அதாவது ஓய்வுக்குப் பிறகும் நான்கு வருடம் ஓடும். எம்.சி.எல்.ஆர். (வங்கி தானே வகுக்கும் அடிப்படை வட்டி) கணக்கில் உள்ள மாறும் வட்டி.

மொத்தச் சம்பளம் மாதம் 60 ஆயிரம், அதில் அடிப்படை 32 ஆயிரம். ஓய்வு பெறும்போது 24 வருட சர்வீஸ் இருக்கும். எஃப்.டி. 5 லட்சம், 6.75 சதவீதத்தில். சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வயல். கார் பருவ நெல் சில வருடம் தண்ணீர் இல்லாமல் போய்விடும். பிசானப் பருவ நெல்லில் செலவு போக 45 ஆயிரம் நிற்கும்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) வந்ததும் மொத்தமாக அடைத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். பி.எஃப்.பை எடுத்து இப்போதே அடை என்கிறார்கள் சிலர். கூட்டுறவு சொசைட்டியில் நகையை வைத்து அடை என்றும் ஒரு யோசனை. கடனை அடைத்தால் வரிச்சலுகை போய்விடும் என்றும் பயமுறுத்துகிறார்கள். எது சரி?

பேரேடு

அண்ணாச்சி, முதலில் கிராஜுவிட்டி கணக்கைப் போட்டுவிடுவோம். அடிப்படை 32,000 × 15 ÷ 26 × 24 வருடம் = 4,43,077 ரூபாய். அதற்குள் சம்பளம் ஏறினால் கொஞ்சம் கூடும். இப்போதைய தவணையை மட்டும் கட்டிக்கொண்டே போனால் 58 வயதில் கடன் பாக்கி 7,54,500. மூன்று லட்சத்துக்கு மேல் துண்டு விழும், அது பி.எஃப்.பில்தான் கை வைக்கும். இந்த ஆறு வருடத்தில் நீங்கள் கட்டுவது 13.39 லட்சம், அசலில் குறைவது வெறும் 7.45 லட்சம். மீதி 5.94 லட்சம் வட்டி. காத்திருப்பதற்கான விலை அதுதான்.

58-க்கு மேல் தவணையை ஓய்வூதியத்தில் கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இ.பி.எஸ்.சில் (பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டம்) 15,000 ரூபாய் சம்பள வரம்பு. 24 வருடத்தோடு, இருபது வருடம் தாண்டியவர்களுக்குக் கூட்டித்தரும் 2 வருடத்தையும் சேர்த்து 15,000 × 26 ÷ 70 = 5,571. 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு 6,500 வரம்பு என்பதால் அதிலும் குறையும். 18,598-க்கு அது எந்த மூலைக்கு?

ஆக, 72 மாதத்தில் முடிக்க வேண்டும். இதே 8.5 வட்டியில் மூன்று பாதை:

தவணையை 26,668 ஆக ஏற்றுவது. மாதம் 8,070 கூடுதல். மொத்த வட்டி 7.32 லட்சத்திலிருந்து 4.20 லட்சமாகும்.

இன்றே 4.54 லட்சத்தை அசலில் கட்டிவிட்டு அதே 18,598-ஐத் தொடர்வது. 72-ஆவது மாதம் கடன் முடியும்.

தவணையைத் தொடாமல் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் சுமார் 1,01,000 அசலில் கட்டுவது.

உங்கள் நிலைமைக்கு இரண்டையும் மூன்றையும் கலப்பதுதான் பொருந்தும். எஃப்.டி.யிலிருந்து 2.5 லட்சத்தை இப்போது கட்டுங்கள். பிறகு வருடத்துக்கு 45,000, பிசானம் அறுத்து நெல் பணம் வந்த கையோடு. இரண்டும் சேர்ந்து ஆறு வருடத்தில் கடன் தீரும். மொத்த வட்டி 3.60 லட்சம், மிச்சம் 3.7 லட்சம். எஃப்.டி.யில் மீதி 2.5 லட்சத்தைத் தொடாதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், கட்டிய பணத்தை வங்கி திருப்பித் தராது. பிசானமும் பொய்த்த வருடத்தில் அந்த 45,000-ஐ போனஸிலோ அடுத்த வருடத்திலோ ஈடுகட்டுங்கள், எஃப்.டி.யை உடைக்க வேண்டாம்.

சந்திப்பிள்ளையார் முக்கு

பேரேடு அண்ணாச்சி கணக்கு சரி. ஆனால் பணம் கட்டும்போது பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. அசலில் ஒரு லட்சம் கட்டினால் வங்கி இரண்டில் ஒன்றைச் செய்யும்: தவணையைக் குறைக்கும், இல்லை காலத்தைக் குறைக்கும். உங்கள் கடனுக்கே பாருங்கள். காலத்தைக் குறைத்தால் கடைசி 12 தவணை காணாமல் போகும், வட்டியில் மிச்சம் 1.24 லட்சம். தவணையைக் குறைத்தால் மாதம் 1,240 குறையும், கடைசி வரை கணக்குப் போட்டாலும் மிச்சம் 49 ஆயிரம்தான். அதே ஒரு லட்சம்!

அதனால் எழுத்தில் கொடுங்கள்: "இத்தொகையை அசலில் வரவு வைத்து, தவணையை மாற்றாமல், காலத்தைக் குறைக்கவும்". கடன் கணக்கில் சும்மா பணத்தைப் போட்டால் சில இடங்களில் அது முன்கூட்டிக் கட்டிய தவணையாகவே நிற்கும், அசல் குறையாது. ஒரு வாரம் கழித்துப் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, கடைசித் தேதி முன்னே வந்திருக்கிறதா பாருங்கள். வரவில்லை என்றால் அன்றே போய்க் கேட்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் போனால் திருத்துவது பெரும்பாடு.

தனிநபர் பெயரில் மாறும் வட்டியில் உள்ள வீட்டுக்கடனுக்கு முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது. பகுதியாகக் கட்டினாலும் சரி, முழுசாக அடைத்தாலும் சரி. கவுன்டரில் "சார்ஜ் உண்டு" என்றால் ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லுங்கள். நிலையான வட்டிக் கடனுக்கு மட்டும் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, எம்.சி.எல்.ஆரில் ஏன் இன்னும் இருக்கிறீர்கள்? 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிய வீட்டுக்கடனை ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடுதான் இணைக்கின்றன. 2025 தொடக்கத்தில் 6.50-ஆக இருந்த ரெப்போ, அந்த டிசம்பரில் 5.25-க்கு வந்துவிட்டது. பழைய கடன்காரரும் எழுதிக் கொடுத்து மாறிக்கொள்ளலாம். மாற்றுக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் முதலில் கேளுங்கள். வட்டி 7.75-க்கு இறங்கினால் அதே தவணையில் ஆறு மாதம் போல் குறையும். அந்தக் கட்டணம் போக, இது இனாமாகக் கிடைப்பது.

தாமிரபரணிக்கரை

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. 2.5 லட்சத்தைக் கொண்டுபோய்க் கடனில் போடுவதற்குப் பதில் மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் ஆறு வருடத்தில் 8.5-க்கு மேலே வராதா? வரும் பணத்தில் கடனை அடைக்கலாமே.

பேரேடு

வரலாம், வராமலும் போகலாம். கடனில் கட்டும் பணத்துக்கு 8.5 நிச்சயம், வரியும் இல்லை. பங்குச் சந்தை சரியும் வருடம் அண்ணாச்சியின் 58-ஆவது வயதாகவே அமைந்துவிட்டால், அப்போது காத்திருக்கச் சம்பளம் இருக்காது. வயது 35 என்றால் நீங்கள் சொல்வதை நானும் ஏற்பேன்.

பி.எஃப். விஷயத்துக்கு வருகிறேன். அதில் வட்டி 8.25, கடனுக்கு 8.5. கால் சதவீத லாபத்துக்காக ஓய்வுக்கால நிதியைக் கரைப்பதில் அர்த்தமில்லை. ரெப்போவுக்கு மாறி வட்டி இறங்கினால் அந்தக் கால் சதவீதமும் தலைகீழாகிவிடும். எஃப்.டி. வேறு கதை. 6.75-க்குப் போட்டுக்கொண்டு 8.5-க்குக் கடன் சுமப்பது நஷ்டம்.

நகை யோசனையை விட்டுவிடுங்கள். நகைக்கடன் வருடக்கடனாக வரும். கெடு முடியும்போது அசலும் வட்டியும் கட்டித் திருப்பி, மறுபடி வைக்க வேண்டும். பத்து வருடத்தில் பிரித்துக் கட்டும் கடனை ஒரே வருடக் கடனாக்கிக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது. விவசாயம் என்று எழுதிக்கொடுத்துக் குறைந்த வட்டியில் வாங்கி வீட்டுக்கடனை அடைப்பது கடன் நோக்கத்தை மீறுவது, வேறு சிக்கலையும் இழுத்துவரும்.

வரிச்சலுகை பயமும் வேண்டாம். வருடச் சம்பளம் 7.2 லட்சம். புதிய வரிமுறையில் 2025-26 முதல் 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை. கட்டாத வரிக்குச் சலுகை எதற்கு? பழைய முறையில் வீட்டுக்கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிக்கலாம் என்பது உண்மை. ஆனால் 20 சதவீத வரிக்காரருக்கே நூறு ரூபாய் வட்டி கட்டினால் மிஞ்சுவது இருபது சொச்சம்தான், எண்பது வங்கிக்குப் போய்விடும்.

வில்லங்கம்

எல்லாரும் பணத்தைப் பேசிவிட்டார்கள். நான் பத்திரத்தைப் பேசுகிறேன், ஏனென்றால் கடன் முடிந்த பிறகுதான் நம் ஊரில் பாதிப்பேர் அசந்துவிடுகிறார்கள்.

கடைசித் தொகைக்கு வங்கியிடம் முடிப்புக் கடிதம் எழுத்தில் வாங்குங்கள். எந்தத் தேதி வரை செல்லும், தாண்டினால் ஒரு நாளுக்கு எவ்வளவு வட்டி என்று அதில் இருக்க வேண்டும். தவணை பிடிக்கும் தேதிக்கு இரண்டு நாள் முன்னே போய் அடைத்தால், தானியங்கியாகவும் ஒரு தவணை பிடித்துவிடுவார்கள், அதைத் திருப்பி வாங்க அலைய வேண்டும். தவணை பிடித்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அடையுங்கள். பிறகு தானியங்கிப் பிடித்தத்தை ரத்து செய்யச் சொல்லுங்கள், கொடுத்து வைத்த காசோலைகளைத் திரும்ப வாங்குங்கள்.

முழுசாக அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்து, சொத்தின் மேல் பதிவான வங்கியின் உரிமைக் குறிப்பையும் நீக்க வேண்டும். இது 2023 டிசம்பர் 1 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு. பத்திரம் தொலைந்து போயிருந்தால் நகல் எடுத்துத்தர அவர்களே உதவ வேண்டும், அதற்கு மேலும் 30 நாள் அவகாசம் உண்டு. கடன் எடுத்த கிளையிலோ, பத்திரம் இருக்கும் வேறு அலுவலகத்திலோ, உங்களுக்கு வசதியான இடத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும்போது கடன் எடுத்தபோது தந்த பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். கிரையப் பத்திரம், தாய்ப்பத்திரங்கள், பட்டா, வரைபட அனுமதி, எல்லாம் பக்கம் எண்ணி வாங்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் வந்து எண்ணக் கூடாது.

அடுத்தது எம்.ஓ.டி. கடன் எடுக்கும்போது சார்பதிவகத்தில் பதிந்த உரிமை ஆவண வைப்பு ஒப்பந்தம். கடன் தீர்ந்தாலும் அது தானாக நீங்காது. வங்கி அதிகாரி கையெழுத்திட்டு ரசீது ஆவணம் பதிந்தால்தான் வில்லங்கத்தில் கடன் தீர்ந்தது தெரியும். வங்கியில் "நோ டியூஸ்" (பாக்கி இல்லை) கடிதம் தந்துவிட்டோமே என்பார்கள், அது போதாது. பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது வாங்குபவரின் வங்கி வில்லங்கத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நிறுத்தும். அதற்குள் கிளை இணைந்திருக்கும், அதிகாரி மாறியிருப்பார். ரசீது பதிந்த ஒரு மாதத்தில் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பார்ப்பதற்குக் காசில்லை. சிபில் (கடன் வரலாறு) அறிக்கையிலும் "முடிந்தது" என்று ஏறியிருக்கிறதா பாருங்கள்.

தச்சநல்லூர்வாசி

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம் மட்டும். கடனோடு சேர்த்து ஒரே பிரீமியம் கட்டிய காப்பீடு இருக்கிறது, கடனை முன்னாலேயே அடைத்தால் அது என்னாகும்? மனைவி இணைக் கடன்தாரர், அவரும் வர வேண்டுமா?

வில்லங்கம்

பத்திரம் வாங்க இருவரும் போவதுதான் சுலபம், இருவர் கையெழுத்தையும் கேட்பார்கள். காப்பீட்டில் இரண்டு வகை உண்டு. உயிர்க் காப்பீடு என்றால் ஒப்படைத்து மீதிக் காலத்துக்கான தொகையைக் கேட்கலாம், இல்லை காலம் முடியும்வரை வைத்திருக்கலாம். பாலிசித் தாளில் ஒப்படைப்பு மதிப்பு என்ற பக்கத்தைப் பாருங்கள். 52 வயதுக்கு மேல் புதிதாக எடுத்தால் பிரீமியம் கூடும், அதனால் யோசித்துச் செய்யுங்கள். கட்டடக் காப்பீடு என்றால் கடன் முடிந்ததும் புதுப்பிக்க யாரும் நினைவூட்ட மாட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் பக்கம் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் போனது என்று தெரியும்தானே? வெள்ளம் அடங்கிய பாலிசியாகப் பார்த்து உங்கள் பெயரிலேயே புதுப்பியுங்கள். பழையதில் வங்கியின் பெயர் ஏறியிருக்கும், அதை நீக்க "நோ டியூஸ்" கடிதத்தின் நகலை இணைத்து எழுதிக் கொடுங்கள்.