ஒட்டுவதற்கு முன் அடுக்கிப் பார்ப்போம்

(குடும்ப வாட்ஸ்அப் குழு: தாத்தாவின் ஆல்பம்)

கயல்: சித்தி, கடற்கரைப் பக்கத்தை அடுக்கிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மொத்தம் பதினொரு புகைப்படங்கள். ஒவ்வொன்றும் நல்ல படம்தான், ஆனால் பக்கமாகப் பார்த்தால் கண் எங்கும் நிற்க மாட்டேன் என்கிறது. இன்னும் எதையும் ஒட்டவில்லை.

வசந்தி சித்தி: ஒட்டாமல் வைத்திருக்கிறாயே, நல்லது. கடைசி வரை பசையைத் தொடாதே. ஒன்று சொல், அந்த நாளை நினைத்தால் உனக்கு முதலில் எது நினைவுக்கு வருகிறது?

கயல்: தாத்தா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் நின்றதுதான். பெரிய அலை வந்ததும் சட்டென்று பாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வசந்தி சித்தி: அந்த நொடி படத்தில் இருக்கிறதா?

கயல்: இருக்கிறது. மேல் வரிசையில் மூன்றாவது.

வசந்தி சித்தி: இவ்வளவு நல்ல படத்தை மூன்றாவதாக நிற்க வைத்திருக்கிறாயே! எல்லாப் படங்களும் ஒரே அளவு என்பதால் எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றன. இந்தப் படத்தை மட்டும் 6×8 அங்குலத்தில், நெடுவாக்கில் அச்சிடு. மற்றவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 2½ அங்குலச் சதுரங்களாக வெட்டு. பெரிய படத்துக்குப் பக்கத்தில் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக, நடுவே கால் அங்குலம் விட்டு வை. மூன்று சதுரம் ஏழரை அங்குலம், இரண்டு இடைவெளி அரை அங்குலம், ஆக எட்டு. பெரிய படத்தின் உயரமும் எட்டு. மேலும் கீழும் நூல் பிடித்தது போல நேராக நிற்கும்.

இளங்கோ மாமா: வசந்தி, பதினொன்றில் நான்கு போதுமா? மற்ற ஏழு என்ன பாவம் செய்தன? பக்கம் 12×12 அங்குலம். நீ சொல்கிறபடி வைத்தால் பாதிக்கு மேல் காலியாக இருக்குமே.

வசந்தி சித்தி: இருக்கட்டும் அண்ணா. அது கடல் பக்கம். கடலைச் சுற்றி வெளி இல்லாவிட்டால் எப்படி? நான்கு ஓரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடந்தால்தான் வெற்றிடம் வெறுமையாகத் தெரியும். அதை மேலே ஒரே இடமாகச் சேர்த்துவிட்டால் படத்துக்கு மூச்சு விட இடம் கொடுக்கும்.

வசந்தி சித்தி: மற்ற ஏழும் எங்கும் போகவில்லை. பெரிய படத்தைக் கெட்டி அட்டையில் ஒட்டி, அந்த அட்டையின் மூன்று ஓரத்தை மட்டும் பக்கத்தில் ஒட்டிவிட்டு மேல் ஓரத்தைத் திறந்து வைத்தால் அது ஒரு பை. ஏழு படங்களையும் வேறொரு அட்டையில் சிறிதாக அச்சிட்டு உள்ளே செருகி, பிடித்து இழுக்க ஒரு ரிப்பன் நுனியை வெளியே விடலாம். தாத்தா ஒருநாள் தானாக இழுத்துப் பார்ப்பார்.

இளங்கோ மாமா: அப்படியானால் சரி. நான் மணலில் கோட்டை கட்டிய படம் அந்தப் பையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அருண்: அத்தை, தாத்தா அந்தப் படத்தில் வலப்பக்கம் பார்க்கிறார். பெரிய படத்தை எந்தப் பக்கம் வைப்பது?

வசந்தி சித்தி: நல்ல கேள்வி. இடப்பக்கம் வை. அவர் பார்வை பக்கத்துக்குள்ளே போக வேண்டும். ஓரத்தைப் பார்த்தால் நம் கண்ணும் அவரோடு சேர்ந்து தாளை விட்டு வெளியே போய்விடும். சதுரங்கள் அவர் பார்க்கிற பக்கம் இருக்கட்டும். அதில் முதல் சதுரமாக அந்த அலையின் படத்தை வைத்தால், தாத்தா அலையைப் பார்க்கிறார் என்று பக்கமே சொல்லிவிடும்.

கயல்: ஆகா! சித்தி, இன்னொரு சிக்கல். சிறிய படங்கள் மூன்றும் மூன்று தொலைபேசியில் எடுத்தவை. ஒன்று மஞ்சளடிக்கிறது, ஒன்று நீலமடிக்கிறது.

அருண்: மூன்றையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடு கயல். ஒரு குடும்பம் போல ஆகிவிடும். பெரிய படம் மட்டும் வண்ணத்தில் இருந்தால் கண் நேராக அங்கேதான் போகும்.

வசந்தி சித்தி: அருண் சொல்வதை அப்படியே செய். பின்னணித் தாளுக்கு வண்ணத்தைக் கடையில் தேடாதே, படத்துக்குள் தேடு. அதில் மணல் நிறம் இருக்கிறது, நுரையின் வெள்ளை இருக்கிறது, பாட்டியின் நீலக் குடை இருக்கிறது. மணல் நிறம் பக்கம் முழுக்க, வெள்ளை கொஞ்சம், நீலம் மூன்றே இடத்தில். தலைப்பில் ஒன்று, கீழே இடது மூலையில் ஒன்று, சதுரங்களின் ஓரத்தில் ஒன்று. மூன்றையும் மனத்தால் இணைத்தால் முக்கோணம் வரும், நடுவில் தாத்தா இருப்பார்.

கயல்: கீழே ஒட்டுவதற்கு அலை வடிவ ஸ்டிக்கர் வைத்திருக்கிறேன்.

வசந்தி சித்தி: அதைவிட அழகான அலையை நீயே கிழிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் நீலம் அச்சான தாளை எடுத்து, நீலப் பக்கம் உன்னைப் பார்த்திருக்க, ஒரு கையால் உன் பக்கமாக மெல்ல இழுத்துக் கிழி. இரண்டு துண்டில் ஒன்றின் ஓரத்தில் உள்ளே இருக்கும் வெள்ளை இழை தெரியும். ஒரு சீராக வராது, சில இடத்தில் அகலமாக, சில இடத்தில் மெல்லியதாக வரும். அதுதான் நுரை. அடர் நீலம், வெளிர் நீலம் என்று இரண்டு மூன்று கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, பெரிய படத்தின் அடி ஓரத்தை இலேசாகத் தொடும்படி வை. தனியாக மிதக்க விடாதே.

கயல்: இப்போதே ஒரு துண்டு கிழித்துப் பார்த்தேன். உண்மையிலேயே நுரை போல இருக்கிறது சித்தி!

பாட்டி: எல்லாம் அழகாக இருக்கிறது. யார், எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதுவீர்களா? என்னிடம் இருக்கிற பழைய ஆல்பத்தில் பாதிப் பேர் யார் என்று சொல்ல இப்போது ஆளில்லை.

வசந்தி சித்தி: அம்மா, அதற்குத்தான் பக்கத்தின் மேல்பகுதியைக் காலியாக விடச் சொன்னேன். நீங்களே சொல்லுங்கள், அன்று என்ன நடந்தது?

பாட்டி: அலை வந்ததும் ஒரு செருப்பு கையை விட்டுப் போய்விட்டது. "போகட்டும், கடலுக்கும் ஒரு கால் இருக்கும்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் குடையை விட்டுவிட்டேன்.

கயல்: பாட்டி, இதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதப்போகிறேன். "கடலுக்கும் ஒரு கால்" என்பதுதான் தலைப்பு.

வசந்தி சித்தி: தட்டச்சு வேண்டாம். பாட்டியின் கையெழுத்திலேயே எழுதி வாங்கு. வரி கோணினால் கோணட்டும்.

அருண்: சுவையான செய்தி ஒன்று. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873இல் ஸ்கிராப்புக் (நறுக்குகளை ஒட்டி வைக்கும் ஏடு) ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். பக்கங்களில் பசை ஏற்கெனவே தடவியிருக்கும், நனைத்து ஒட்டினால் போதும்.

வசந்தி சித்தி: செய்தித்தாள் நறுக்குகளுக்கு அது சரி. நம் படங்களுக்கு நனைக்கிற பசை எதுவும் வேண்டாம், தாள் சுருங்கி நெளியும். அமிலமற்ற இருபக்க டேப் போதும். தாள் வாங்கும்போது அமிலமற்றது, லிக்னின் இல்லாதது என்று போட்டிருக்கிறதா என்று பார். லிக்னின் மரத்திலிருந்து தாளுக்கு வருகிற பொருள், செய்தித்தாள் பழுப்பாவது அதனால்தான். பிளாஸ்டிக் உறைகளில் பிவிசி வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் நல்லது.

இளங்கோ மாமா: அன்றைய பஸ் டிக்கெட் என்னிடம் இருக்கிறது. ஒட்டலாமா?

வசந்தி சித்தி: இயந்திரத்தில் வருகிற வெப்பத்தாள் டிக்கெட் என்றால் எழுத்து மங்கிவிடும் அண்ணா. நகல் எடுத்து நகலை ஒட்டுவோம். தாத்தாவின் பழைய படங்களுக்கும் அதே முறைதான். மூலப்படத்தை வைத்தே ஆக வேண்டுமென்றால் பசை தொடாமல், படத்தின் மூலைகளைப் பிடித்துக்கொள்ளும் மூலைக்கவ்வியில் செருகலாம்.

கயல்: எதிர்ப்பக்கத்தில் கடல் மட்டும் உள்ள அகலப் படத்தை வைக்கலாமா? இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே காட்சியாகத் தெரியும்.

வசந்தி சித்தி: வை. ஆனால் தாத்தா படத்தில் அடிவானம் இருக்கிற உயரத்திலேயே அந்தப் படத்தின் அடிவானமும் வர வேண்டும். அடிக்கோலை இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே வைத்துப் பென்சிலால் மெல்லிய புள்ளி வைத்துக்கொள்.

கயல்: வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் அரை அங்குலம் கீழே இருக்கிறது. ஏற்றி வைத்துப் படம் அனுப்புகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் சித்தி.