புல்லர் தட்டு ‘டக் டக்’னு ஆடுது: புதுசு போடவா, உள்ளதையே சரி பண்ணவா?

மண்டபத்துப் புல்லர்:
அண்ணன்மாருக்கு வணக்கம். என்னோடது ரெண்டு ஆக்சில் புல்லர், டிரெய்லரை இழுக்குற தலை வண்டி. மண்டபம், பாம்பன் பக்கத்து மீன் கம்பெனிகள்ல இறாலும் கணவாயும் ஏத்தி தூத்துக்குடி துறைமுகத்துல விட்டுட்டு, காலி ரீஃபர் (குளிர்) கண்டெய்னர் எடுத்துட்டு வருவேன். ஆறு மாசமா ஃபிஃப்த் வீல் தட்டுல, அதாவது டிரெய்லர் அடியில இருக்கிற கிங் பின்னுங்கிற முளை வந்து மாட்டுற தட்டுல ஆட்டம். கிளட்ச் விட்டா ஒரு ‘டக்’, பிரேக் மிதிச்சா ஒரு ‘டக்’. பாம்பன் பாலத்துல ஏறிட்டா ஜாயிண்டுக்கு ஜாயிண்டு சீட்டுக்குப் பின்னாடி உதை விழுது. வீட்டுக்காரி ஒரு தடவை கூட வந்தா, இனிமே பஸ்ஸுலயே போய்க்கிறேன்னுட்டா.

ஸ்பேர் கடையில விசாரிச்சேன். “இந்தத் தட்டைத் தூக்கிப் போடு, ஹெவி டூட்டி போடு, முன்ன பின்ன நகத்துற ஸ்லைடிங் மாடல் எடு, முடிஞ்சா மூணரை இன்ச் கிங் பின் மாட்டுற தட்டுக்கே மாறிரு”ன்னாங்க. விலையைக் கேட்டா ரெண்டு மாச டியூ ஒரே மூச்சுல போயிரும். இருந்தாலும் மாத்திரலாம்னு முடிவு. போட்டு ஓட்டுனவங்க சொல்லுங்க.

உப்புலோடு வலிநோக்கம்:
முடிவு பண்ணிட்டு எதுக்குத் தம்பி கேக்குற? கிங் பின்னை அளந்தியா? ரெண்டு இன்ச் பின்னோட கழுத்து புதுசுல 50.8 மில்லி. அது 49-க்கு வந்துட்டா பின்னைக் கழட்டி எறியணும். நீ புதுத் தட்டு போட்டு தேஞ்ச பின்னை மாட்டுனா, பின்னைக் கவ்வுற புது ஜாவையும் சேத்துத் தின்னுரும். செருப்புல முள்ளு ஏறுனா செருப்பைத்தான் பாக்கணும். கடைக்காரன் காலையே மாத்தச் சொல்றான், நீயும் சரிங்குற.

டல்லாஸ் தொண்டிக்காரன்:
நான் தம்பி பக்கம். ஊரு தொண்டி, இருக்கிறது டெக்சாஸ். இங்க பிக்கப் தொட்டிக்குள்ள ஃபிஃப்த் வீல் ஹிட்ச் வச்சு, வீடு மாதிரி இருக்கிற கேம்பர் டிரெய்லர் இழுக்குறோம். முன்னாடி என்கிட்ட நகராத ஹிட்ச்தான் இருந்துச்சு. தொட்டி நீளம் கம்மி. ஒருநாள் ரிவர்ஸ்ல ஒடிச்சுத் திருப்பும்போது டிரெய்லர் மூலை கேபின் பின்கண்ணாடியை முத்தம் கொடுத்துருச்சு. அன்னைக்கே ஸ்லைடர் வாங்கிட்டேன். தலைப்பகுதி நாலு பக்கமும் சாயற மாடல் வேற. மேடு பள்ளத்துல மாட்டுறது, கழட்டுறது எல்லாம் சொகுசு. நல்லது போட்டா நல்லதுதான். அஞ்சு பத்து பாக்காதீங்க.

உப்புலோடு வலிநோக்கம்:
அய்யா, ஒங்க கேம்பர்ல கட்டில் மெத்தை இருக்கும். நான் உப்பு ஏத்துறேன், அவன் 25 டன் கண்டெய்னர் ஏத்துறான். லோடு உசரத்துல இருக்கிற டிரெய்லருக்குப் பக்கவாட்டுல சாயற தலையைக் குடுத்தா, பாலத்து மேல கச்சான் காத்து அடிக்கும்போது டிரெய்லர் தனியா சாயும், டிரைவருக்குத் தெரியவே தெரியாது. நம்ம தட்டு முன்ன பின்ன மட்டும் ஆடுறதுக்குக் காரணமே அதுதான். டிரெய்லர் சாஞ்சா புல்லரும் சேந்து சாயும், அப்பத்தான் முதுகுக்கு உறைக்கும்.

டல்லாஸ் தொண்டிக்காரன்:
சரி, நாலு பக்கம் சாயறது ஒங்களுக்கு வேணாம். ஒத்துக்கிறேன். ஸ்லைடிங் என்ன பாவம் பண்ணுச்சு?

பட்டறை ராம்நாடு:
அதுக்கு நான் பதில் சொல்றேன். தட்டு பின் ஆக்சிலுக்கு நேர் மேல இருந்தா லோடு முழுக்கப் பின்னாடிதான். முன்னாடி நகத்த நகத்த முன் ஆக்சிலுக்கு ஏறும். கணக்கு லேசு: தட்டு மேல விழுற எடையை நகத்துன தூரத்தால பெருக்கி, வீல்பேஸால வகுங்க. 11.5 டன் விழுது, வீல்பேஸ் 3.6 மீட்டர், 30 சென்டிமீட்டர் முன்னாடி தள்ளுறீங்கன்னா முன் ஆக்சிலுக்கு ஒரு டன் கிட்ட கூடுது. 2018-ல முன் ஆக்சில் அளவை 6 டன்லேருந்து 7 டன்னாக்கினாங்க. அந்த 7-ஐத் தாண்டிட்டா எடை மேடையில மாட்டுவீங்க, டயரும் முன் வீலோட கிங் பின் புஷ்ஷும் (டிரெய்லர் பின் இல்ல, இது வேற) தேயும், ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆகும். பின்னாடி தள்ளுனா ஸ்டியரிங் பஞ்சாயிரும், மழைரோட்டுல திரும்பாது. தினமும் ஒரே மாதிரி டிரெய்லர், ஒரே மாதிரி லோடு இழுக்குறவருக்கு ஸ்லைடிங் எதுக்கு? அசையற சாமான் ஒண்ணு கூடுனா அதுலயும் ஒரு ஆட்டம் கூடும்.

இன்னொண்ணு, ‘ஹெவி டூட்டி’. ஒவ்வொரு தட்டுலயும் ஒரு சின்னப் பிளேட் அடிச்சிருக்கும், அதுல டி வேல்யூன்னு ஒரு நம்பர். இழுவையைத் தாங்குற சக்தி. புல்லர் எடை தட்டு மேல விழுறதையும் சேத்து 18.5 டன், டிரெய்லர் மொத்தம் 38.5 டன், தட்டு மேல விழுறது 11.5 டன்னு வச்சு நான் போட்டுப் பாத்தேன்: 92 கிலோ நியூட்டன் வருது. ரெண்டு இன்ச் பின்னுக்குப் பரவலா வர்ற தட்டுலயே 150-ஐ ஒட்டி இருக்கும். அதுக்கு மேல எதுக்குங்க ஹெவி?

மண்டபத்துப் புல்லர்:
கணக்கெல்லாம் சரி. ஆனா ‘டக்’ நிக்கலையே?

பட்டறை ராம்நாடு:
கிட் போடுங்க. ஜா, லாக் பார், ஸ்பிரிங், புஷ்னு செட்டாவே வருது. அரை நாள் வேலை. என் பட்டறைக்கே வரணும்னு இல்ல.

சாயல்குடி கரி:
‘என் பட்டறைக்கே வரணும்னு இல்ல’ன்னு சொன்னா ‘என் பட்டறைக்கு வாங்க’ன்னு அர்த்தம். 😄

உப்புலோடு வலிநோக்கம்:
கிட்டோ தட்டோ, பின்னை அள. ரெண்டாவது தடவை சொல்றேன்.

மண்டபத்துப் புல்லர்:
அண்ணே, டிரெய்லர் என்னுது இல்ல. என்கிட்ட இருக்கிறது புல்லர் மட்டும்தான். யார்டுல எந்த டிரெய்லர் காட்டுறாங்களோ அதை மாட்டிட்டுக் கிளம்புவேன். இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. எந்தப் பின்னை அளக்கச் சொல்றீங்க?

உப்புலோடு வலிநோக்கம்:
இதை முதல் வரியிலயே சொல்லியிருக்கணும்.

டல்லாஸ் தொண்டிக்காரன்:
பாத்தீங்களா! அவர் கையில இருக்கிறது தட்டு மட்டும்தான். அப்ப அதையாவது புதுசா வச்சுக்கிறதுல என்ன தப்பு?

பட்டறை ராம்நாடு:
ஒரு எச்சரிக்கை மட்டும். ஆட்டம் வந்தா ஜா பக்கத்துல இருக்கிற அட்ஜஸ்ட் போல்ட்டை இறுக்கிட்டுப் போறது நம்ம ஆளுங்க பழக்கம். தேஞ்ச பின் மாட்டியிருக்கும்போது அதுக்குத் தோதா இறுக்கிட்டீங்கன்னா, மறுநாள் புதுப் பின் உள்ள டிரெய்லர் வந்தா ஜா முழுசா மூடாது, இல்ல கவ்விப் பிடிச்சுக்கிட்டுத் திரும்ப மாட்டேங்கும். புதுப் பின் அளவை வச்சுத்தான் செட் பண்ணணும். பத்து டிரெய்லர் மாட்டுற உங்களுக்கு ரொம்ப முக்கியம்.

மூணரை இன்ச் யோசனை சொன்னவர் யாரோ, அவரை ஒருநாள் யார்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்தப் பின் கனமான மெஷின் ஏத்துற பெரிய லோபெட் டிரெய்லருக்கு. கண்டெய்னர் டிரெய்லர் பூராவும் ரெண்டு இன்ச்தான். மாறிட்டீங்கன்னா எதையும் மாட்ட முடியாது, வண்டியைக் கடற்கரையில நிறுத்திட்டுக் காத்து வாங்கலாம்.

கீழக்கரை காக்கா:
இவ்வளவு நேரம் படிச்சுட்டுத்தான் இருந்தேன். ஆட்டத்தை விடுங்க, லாக் விழுந்துச்சான்னு யாரும் பேசலையே. ஏழெட்டு வருசம் முன்னாடி நான் கண்ணால பாத்தது. ஒரு யார்டு, விடியக்காலம் நாலு மணி. பையன் ரிவர்ஸ் எடுத்தான். டிரெய்லரைக் கழட்டி நிறுத்தும்போது தாங்குற முன்கால் கொஞ்சம் உசரமா நின்னுருக்கு. கிங் பின் ஜாவுக்குள்ள இறங்காம மேலேறி உக்காந்துருச்சு. ஹேண்டில் உள்ள போயிருக்கு, ‘டக்’னு சத்தமும் வந்திருக்கு. ஒரு இழுப்பு இழுத்துப் பாத்தான், டிரெய்லரும் கூடவே வந்துச்சு. முன்காலைச் சுத்தித் தூக்கிட்டான். கேட்டுக்கு வெளிய வேகத்தடை. முன் டயர் ஏறி இறங்குச்சு, பின் டயர் ஏறும்போது டிரெய்லர் அப்படியே பின்னாடி வழுக்குது. ஏர் பைப்பு ரெண்டும் ரப்பர் பாம்பு மாதிரி நீண்டு பட்டுனு அறுந்துச்சு. காத்து போனதும் டிரெய்லர் பிரேக் தானா பிடிச்சுக்கிட்டு, மூக்கு புல்லரோட சேசிஸ் கடைசியில உக்காந்துருச்சு. நடுவுல ஆளு நின்னிருந்தா நினைச்சுப் பாருங்க.

அதுலேருந்து எங்க வண்டியில எவன் ஓட்டுனாலும் சரி, இறங்கி, குனிஞ்சு, டார்ச் அடிச்சு, ஜா பின்னோட கழுத்தைச் சுத்தி மூடியிருக்கான்னு பாக்கணும். தட்டுக்கும் டிரெய்லர் அடித்தகட்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியக் கூடாது. டிரெய்லர் பிரேக்கைப் போட்டு ரெண்டு தடவை இழுக்கணும். இழுத்துப் பாத்தா போதும்னு நினைக்காதீங்க, அன்னைக்கு இழுத்துப் பாத்துட்டுத்தான் போனான்.

மண்டபத்துப் புல்லர்:
காக்கா, நான் சத்தத்தைத்தான் நம்பிட்டு இருந்தேன். இனி இறங்கிருவேன்.

உப்புலோடு வலிநோக்கம்:
கிரீஸ் எப்ப வச்ச?

மண்டபத்துப் புல்லர்:
வாராவாரம் வைக்கிறேண்ணே. கையால அள்ளி அப்புறேன். குறை சொல்ல முடியாது.

உப்புலோடு வலிநோக்கம்:
அதுதான் குறை. பழசைச் சுரண்டி எடுத்துட்டு வைக்கிறியா, பழசு மேலயே அப்புறியா? ஆனி ஆடியில மண்டபம் ரோட்டுல பறக்குற மணல் எங்க போகுதுன்னு நினைக்கிற? தட்டுல இருக்கிற கிரீஸுலதான். கிரீஸும் மணலும் கலந்தா அது கிரீஸ் இல்ல, உப்புத்தாள். எனக்கு மணலோட உப்புத்தண்ணியும் சேந்து வடியும். அதனால ஞாயித்துக்கிழமை டீசல் துணி போட்டுத் துடைச்சு, நல்ல தண்ணி அடிச்சு, காய விட்டு, அப்புறந்தான் புது கிரீஸ். தட்டு மேல கம்மி, ஜாவுக்குள்ள நிறைய.

டல்லாஸ் தொண்டிக்காரன்:
இதுக்குத்தான் அப்கிரேடுங்கிறேன். தட்டு மேல பிளாஸ்டிக் லைனர் வச்ச மாடல் இருக்கு. மேல கிரீஸே வேணாம், மணல் ஒட்டாது. என் டிரெய்லரோட கிங் பின்னைச் சுத்தி வட்டமா ஒரு பிளாஸ்டிக் தகடு மாட்டியிருக்கேன், மூணு வருசமா தட்டு சுத்தம்.

உப்புலோடு வலிநோக்கம்:
ஒங்க கேம்பர் பின்ல எவ்வளவு விழுது?

டல்லாஸ் தொண்டிக்காரன்:
இங்க டிரெய்லர் எடையில 15-லேருந்து 25 சதம் பின்ல விழணும்பாங்க. என்னோடது ஒண்ணரை டன் தொடாது.

உப்புலோடு வலிநோக்கம்:
இங்க பதினொன்னரை. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

பட்டறை ராம்நாடு:
அண்ணே, இந்த ஒண்ணுல அவர் சொல்றது தப்பில்ல. லாரிக்கும் லைனர் வச்ச தட்டு வருது. ஜாவுக்கு மட்டும் கிரீஸ் போட்டா போதும். மணல் ஊருக்கு அது நல்ல சரக்குதான். யார்டு டிரெய்லரோட அடித்தகடு வளைஞ்சு பிசிறு இருந்தா லைனரைக் கிழிச்சிரும், அந்தத் தொந்தரவு மட்டும் உண்டு.

சாயல்குடி கரி:
என் தட்டுல எப்பவும் கரித்தூள்தான். கிரீஸ் செலவே இல்ல, ஆட்டம் ஆடுனா கறுப்பு மாரியாத்தாளே இறங்கிட்டான்னு கும்பிட்டுருவேன்.

மண்டபத்துப் புல்லர்:
(நாலு நாள் கழிச்சு)
வெர்னியர் கடன் வாங்கி அளந்துட்டேன். யார்டுல மூணு டிரெய்லர். ஒண்ணு 50.3, ஒண்ணு 49.6, இன்னொண்ணு 48.7. அந்தக் கடைசி டிரெய்லரோட பின்ல ஒரு பக்கம் வெல்டிங் வச்சு உருட்டியிருக்கிற தடம் வேற தெரியுது.

அப்புறம் தட்டை முன்ன பின்ன கடப்பாரை போட்டு நெம்பிப் பாத்தோம். ஜாவுல ஆட்டம் இருக்கு, ஆனா கொஞ்சந்தான். பெரிய ஆட்டம் ரெண்டு பக்கமும் தட்டு உக்காந்திருக்கிற பிராக்கெட்டுல. உள்ள இருக்கிற ரப்பர் புஷ் பிஞ்சு, விரலால சுரண்டுனா பொடியா கொட்டுது. ஒரு பக்கம் ரெண்டு போல்ட் கையாலயே சுத்துது. ஆறு மாசமா ‘டக்’னது பாதி அதுதான். புஷ்ஷும் போல்ட்டும் புதுசு போட்டாச்சு, கிட் அடுத்த மாசம். நேத்து பாலத்துல போனேன், உதை இல்ல. புதுத் தட்டு இப்போதைக்கு இல்ல.

டல்லாஸ் தொண்டிக்காரன்:
இப்போதைக்கு! அந்த வார்த்தையைக் குறிச்சு வச்சுக்கிறேன்.

உப்புலோடு வலிநோக்கம்:
அதை விடுங்க. தம்பி, 48.7 டிரெய்லரை நீ தொடக் கூடாது. தேஞ்சதோட வெல்டிங் வேற. சூடு பட்ட கிங் பின் எந்த நேரம் ஒடியும்னு சொல்ல முடியாது.

மண்டபத்துப் புல்லர்:
நான் தொடலைன்னா அடுத்த புல்லர்காரன் மாட்டிட்டுப் போயிருவான். ரெண்டு தடவை மாட்டேன்னு சொன்னா மூணாவது தடவை எனக்கு லோடே சொல்ல மாட்டாங்க. இருபது வருசம் ஒரே யார்டுக்கு உப்பு ஓட்டுற ஒங்களுக்கு அது தெரியாதுண்ணே.

உப்புலோடு வலிநோக்கம்:
தெரியாதுதான். ஆனா நடுரோட்டுல பின் ஒடிஞ்சா வழக்கு யார்டு மேல வராது, ஸ்டியரிங் பிடிச்சவன் மேலதான்.

பட்டறை ராம்நாடு:
சண்டை வேணாம். வெர்னியரை அந்தப் பின்ல வச்சபடியே நம்பர் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து யார்டுக்கு அனுப்புங்க. எழுத்துல போயிட்டா நாளைக்கு ‘எங்களுக்குத் தெரியாது’ன்னு சொல்ல முடியாது.

கீழக்கரை காக்கா:
தேதி, நேரத்தோட அனுப்புங்க. இங்க டிரெய்லர் நம்பரைப் போடாதீங்க.

மண்டபத்துப் புல்லர்:
நேத்து ராத்திரியே அனுப்பிட்டேன் காக்கா. நீல டிக் ரெண்டும் விழுந்துருச்சு. பதில் இல்ல. காலையில போய்ப் பாத்தேன், அந்த டிரெய்லர் நின்ன இடம் காலி.